ஜாஸ் பேஸ் விற்பனைக்கு: போட்ட காசு திரும்புமா? (சுங்கை சிப்புட்)

சிப்புட்_பேஸ்:
மூன்று மாதமாக என் ஜாஸ் பேஸ் கிட்டாரை விற்கப் பார்க்கிறேன், நகர மாட்டேன் என்கிறது. ஸ்க்வையர் (ஃபெண்டர் கம்பெனியின் மலிவு பிராண்டு) வின்டேஜ் மாடிஃபைடு, இந்தோனேசியாவில் செய்தது, சீரியல் எண் ஐசிஎஸ் என்று தொடங்கும். கறுப்பு. நெக் நேராக இருக்கிறது. நானே இரண்டாம் கையாகத்தான் வாங்கினேன், 1,100 வெள்ளி (மலேசிய ரிங்கிட்).

அதற்கு மேல் நான் போட்டது: 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் (பேஸுக்குள்ளேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கிற சின்ன சர்க்யூட்) 280, கனமான பிரிட்ஜ் (உடம்பில் கம்பிகளைப் பிடித்திருக்கிற உலோகத் தகடு) 190, உள்ளே ஒட்டிய செப்புத் தாள் 40, ப்ரீஆம்ப் பொருத்தக் கூலி 120. ஆக 630. எல்லாம் சேர்த்து 1,730. நான் கேட்பது 1,700தான். முப்பது வெள்ளி தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற செய்தியெல்லாம் இரவு பதினொன்றரைக்கு "கடைசி விலை பாஸ்?" என்பதோடு சரி. நேரில் வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் 700 என்றார். இன்னொருவர் பத்து நிமிடம் வாசித்துவிட்டு "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று கிளம்பியவர், இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார் போல.

விலை தப்பா, ஊர் தப்பா? தோட்டத்துப் பக்கம் என்று சொன்னதுமே ஈப்போக்காரர்களுக்கு அரை மணி நேர ரோடு ஆறு மணி நேரமாகிவிடுகிறது.

ஈயக்கம்பி:
தம்பி, கோபித்துக்கொள்ளாதே. உன் பழைய பேஸுக்கு நட் (நெக்கின் முனையில் கம்பிகள் உட்காரும் பட்டை) வெட்டிக் கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். வாங்குபவன் உன் ரசீதைப் பார்க்க மாட்டான், மரத்தைப் பார்ப்பான். படத்தை பெரிசாக்கிப் பார்த்தேன். ஜாக்கை (வயர் செருகும் துளை) முன் தகட்டிலிருந்து எடுத்து உடம்பின் ஓரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாய். பின்னால் பேட்டரிக்குப் பள்ளம். இரண்டும் மரத்தில் போட்ட ஓட்டை. ப்ரீஆம்பைக் கழற்றிவிடலாம், ஓட்டையைக் கழற்ற முடியுமா?

இது உன் பேஸுக்கு மட்டும் வந்த சாபம் இல்லை. பழைய ஃபெண்டராக இருந்தாலும், பிக்கப் (கம்பியின் ஒலியைப் பிடிக்கிற காந்தச் சுருள்) மாற்றிய, உடம்பில் ஓட்டை போட்ட பேஸுக்கு விலை இறங்கத்தான் செய்யும். உனக்குப் பிடித்த ஒலி உன் காதுக்கு. அடுத்தவன் அவன் காதோடு வருவான்.

ஒன்று சொல். பழைய சாமானெல்லாம் இருக்கிறதா?

நாலு_கம்பி:
ஈயக்கம்பி அண்ணே சொல்வதில் பாதிதான் சரி. ப்ரீஆம்பை வீணென்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பதினைந்து வருடமாக திருவிழா மேடை, கல்யாண டின்னர் என்று வாசிக்கிறேன். மேடையில் நமக்கு என்ன கிடைக்கிறது? பேஸை மிக்சரோடு சேர்க்கிற ஒரு டிஐ பெட்டி, ஒரு வயர், "அண்ணே ஓகேவா?" என்று ஒரு கேள்வி. அதோடு ஒலிபெருக்கிக்காரர் பாடகர் பக்கம் திரும்பிவிடுவார். முந்தைய நிகழ்ச்சி உறுமி மேளமாக இருந்தால் மிக்சரில் லோ பக்கம் எல்லாம் ஏறியே கிடக்கும், நம் பேஸ் சேறு மாதிரி போகும். அந்த நேரத்தில் கைக்குக் கீழே ஒரு குமிழ் இருந்தால் பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றலாம். 1976இல் உள்ளேயே ப்ரீஆம்போடு மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸ் வந்து இத்தனை வருடமாக ஆட்கள் அதைச் சும்மாவா தூக்கிக்கொண்டு திரிகிறார்கள்?

ஈயக்கம்பி:
ஸ்டிங்ரேயை அப்படித்தான் செய்தார்கள். ஜாஸ் பேஸ் 1960இல் வந்தபோது அதில் பேட்டரியும் கிடையாது, பேட்டரி செத்துப்போய் பாதிப் பாட்டில் விழிக்கிற வேலையும் கிடையாது. உனக்கு அது நடந்ததே, நானே மேடைக்குக் கீழே நின்று பார்த்தேன்.

நாலு_கம்பி:
அது வேறு கதை. முதல் நாள் ராத்திரி வயரை பேஸிலேயே செருகி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். வயர் செருகியிருந்தால் பேட்டரி ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பது புது ஆட்கள் கவனத்துக்கு.

சிப்புட்_பேஸ்:
பழைய சாமான் எல்லாம் மைலோ டின்னில் இருக்கிறது. மூன்று பாட் (குமிழுக்கு அடியில் சுழலுகிற பாகம்), ஒரு கப்பாசிட்டர், பழைய பிரிட்ஜ், பழைய ஜாக். ஸ்க்ரூ மட்டும் கலந்துபோச்சு, எது எதற்கு என்று தெரியவில்லை. டின்னில் ஒரு பட்டனும் கிடக்கிறது, அது சட்டைப் பட்டன் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரொம்ப நாளாக ஒரு "ம்ம்ம்ம்" சத்தம் இருக்கிறது. ஜாஸ் பேஸ் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

ஈயக்கம்பி:
அப்படித்தான் என்று யார் சொன்னது? இதைத்தான் நீ முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். சரி, மூன்று கேள்வி.

ஒன்று: இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்தால் சத்தம் அடங்குகிறதா? ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றியவை, காந்தமும் எதிரெதிர். இரண்டும் சமமாகத் திறந்திருந்தால் கரண்ட் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒன்றை மூடினால் இரைச்சல் வரும், அது இயல்பு.

இரண்டு: கம்பியைக் கையால் தொட்டால் சத்தம் குறைகிறதா, இல்லையா?

மூன்று: பிரிட்ஜை மாற்றியது யார்?

சிப்புட்_பேஸ்:
ஒன்று: கொஞ்சம் குறைகிறது, முழுதாக நிற்கவில்லை.
இரண்டு: தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் நின்றுவிடுகிறது!
மூன்று: பிரிட்ஜ் மட்டும் நானே மாற்றினேன். ஐந்து ஸ்க்ரூதானே.

ஈயக்கம்பி:
அந்த ஐந்து ஸ்க்ரூவுக்குக் கீழேதான் ஆறாவது விஷயம் ஒளிந்திருக்கிறது.

பிரிட்ஜுக்கு அடியில் சின்னதாக ஒரு ஓட்டை இருக்கும். உள்ளே பாட் முதுகிலிருந்து ஒரு வயர் அது வழியாக வந்து பிரிட்ஜின் அடியில் ஒட்டி நிற்கும். எர்த். அது இருந்தால்தான் கம்பியைத் தொடும்போது இரைச்சல் அடங்கும். பழைய பிரிட்ஜைத் தூக்கும்போது பலர் அந்த வயரை அறுத்துவிடுவார்கள், இல்லையென்றால் உள்ளே தள்ளிவிடுவார்கள்.

மல்ட்டிமீட்டரை ஓமில் வைத்து ஒரு முனையை பிரிட்ஜிலும் மறு முனையை ஜாக்கின் வெளி உலோகத்திலும் வை. ஒன்றிரண்டு ஓமுக்குள் வர வேண்டும். எண் எதுவும் வராமல் திறந்து நின்றால் வயர் தொடவில்லை.

செப்புத் தாள் ஒட்டினாயே, அதை எர்த்தோடு சேர்த்தாயா? சேர்க்காத செப்புத் தாள் வெறும் பளபளப்பு.

புது_விரல்:
அண்ணன்மாரே, நடுவில் ஒரு கேள்வி. நான் கோலா கங்சார், பேஸுக்குப் புதுசு. இங்கே பழைய ஜப்பான் சாமான் விற்கிற கடை ஒன்றில் பேஸ் ஆம்ப் பார்த்தேன். 60 வாட்ஸ், பெட்டி நல்ல கனம், 180 வெள்ளி. பிளக் மட்டும் தட்டையாக இரண்டு கால். இரண்டு வெள்ளிக்கு அடாப்டர் போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

தைப்பிங்_தாளம்:
செருகாதே!

ஈயக்கம்பி:
நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்கிறாய்.

ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். நம் ஊரில் 230, 240. அந்த இரண்டு வெள்ளி அடாப்டர் காலின் வடிவத்தை மட்டும் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தத்தை அப்படியே உள்ளே விட்டால், ஃப்யூஸ் நல்ல ஃப்யூஸாக இருந்தால் ஃப்யூஸ் போகும், இல்லையென்றால் டிரான்ஸ்பார்மர், கப்பாசிட்டர் என்று வரிசையாகப் போகும். எங்கள் லயத்தில் ஒருவர் ரேடியோவை அப்படிச் செருகி, மீன் வறுக்கிற வாசனை வருகிறதே என்று அடுப்படிக்குப் போய்ப் பார்த்தார்.

ஆம்பின் முதுகில் உள்ள தகட்டைப் பார். 100 என்ற எண் மட்டும் இருந்தால் வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதே தகட்டில் அந்த ஆம்ப் எத்தனை வாட்ஸ் இழுக்கும் என்று இருக்கும், அதைப்போல இரண்டு மடங்காவது தாங்குகிறதாக வாங்கு. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 110 கொடுக்கும். கேட்டு 100 கொடுப்பதாக வாங்குவது நல்லது.

அந்த டிரான்ஸ்பார்மரின் விலையையும் 180ஓடு கூட்டிப் பார். அந்தக் காசுக்கு ஈப்போவிலேயே 240 வோல்ட் பழைய ஆம்ப் கிடைக்குமா என்று விசாரி. கிடைத்தால் அதுதான் லாபம்.

நாலு_கம்பி:
இதோடு நான் பட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கால் பிளக்கில் எர்த் கிடையாது. நான் இப்படி ஒரு ஆம்பில் பேஸைச் செருகிவிட்டு, பாட மைக்கில் உதட்டை வைத்தேன். சுள்ளென்று ஒரு அறை. மைக் வேறு கருவியிலிருந்து வருகிறது, அது எர்த் ஆகியிருக்கிறது. என் கை கம்பியில், கம்பி பிரிட்ஜில், பிரிட்ஜ் ஆம்பின் உடம்போடு. நடுவில் நான்தான் வயர். மேடைத் தரை மழையில் நனைந்து வேறு இருந்தது.

அன்றிலிருந்து மைக்கைத் தொடும் முன் கம்பியால் ஒரு தடவை மைக்கின் வலையைத் தட்டிப் பார்ப்பேன். பொறி பறந்தால் பாட மாட்டேன். எங்கள் பாடகர் அது நல்ல பழக்கம் என்றார், வேறு காரணத்துக்காக.

ஈயக்கம்பி:
தட்டிப் பார்ப்பதெல்லாம் வைத்தியம் இல்லை. தெரிந்த ஆளிடம் கொடுத்து மூன்று வயர் போட்டு, ஆம்பின் இரும்பு உடம்பை எர்த்தோடு சேர். மலிவு ஸ்டெப் டவுன் பெட்டிகளில் பல உள்ளே ஒரே சுற்றுதான், வோல்ட்டைக் குறைக்குமே தவிர உன்னை லைனிலிருந்து பிரித்து வைக்காது. அதை நம்பாதே.

வால்வு ஆம்பாக இருந்தால் நீயே திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தாலும் கப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் உட்கார்ந்திருக்கும்.

தைப்பிங்_தாளம்:
ஆம்ப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். என் ஹெட்டின் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) பின்னால் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்று இருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டி இரண்டு வைத்திருக்கிறேன். தம்பி ஒருவர் மூன்றாவது 8 ஓம் பெட்டி, பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர், அவரே பலகை அறுத்துச் செய்தது, 250க்குத் தருகிறார். சேர்க்கலாமா?

ஈயக்கம்பி:
இரண்டு 8 பக்கம் பக்கமாகச் சேர்ந்தால் 4. அதோடு எல்லை முடிந்தது. மூன்றாவதைச் சேர்த்தால் 2.67. ஹெட் சூடேறி அணையும், அணையாவிட்டால் இன்னும் மோசம். ஒன்றைக் கழற்றிவிட்டு பதினைந்தை மாட்டலாம். ஆனால் பெட்டியை வாங்கும் முன் விரல் வைத்து அழுத்தாமல் தடித்த ஈ கம்பியை நன்றாக அடித்து, பெட்டியின் மேல் கையை வைத்துப் பார். அது 41 ஹெர்ட்ஸ். பலகை தளர்ந்திருந்தால் நோட்டுக்குப் பதில் கதவு ஆடுகிற சத்தம் வரும்.

சிப்புட்_பேஸ்:
என் பேஸுக்குத் திரும்புவோமா?

நேற்று வேலை முடிந்து வந்து கம்பிகளைத் தளர்த்தி பிரிட்ஜைத் தூக்கினேன். ஈயக்கம்பி அண்ணே, நீங்கள் சொன்னபடியேதான். ஓட்டை இருந்தது. வயர் இருந்தது. ஆனால் நுனி ஓட்டைக்குள்ளேயே அறுந்து, வெளியே எட்டிப்பார்க்கக்கூட இல்லாமல் கிடந்தது. இரண்டு வருடமாக எர்த் இல்லாமல் வாசித்திருக்கிறேன். கூடவே செப்புத் தாளும் எதோடும் சேராமல் தனியாகத்தான் இருந்தது, பளபளவென்று.

அந்த இரண்டாவது ஆள், பத்து நிமிடம் வாசித்தவர், ஒவ்வொரு தடவையும் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் வாசிப்பை ரசிக்கிறார் என்று நினைத்தேன். வாசித்தது அவர்தானே என்று இப்போதுதான் தோன்றுகிறது.

நாலு_கம்பி:
பாவம், மனிதர் கௌரவமாக "வீட்ல கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஈயக்கம்பி:
ஆக, உன் பேஸை விற்கவிடாமல் செய்தது ப்ரீஆம்பும் இல்லை, ஊரும் இல்லை. சரி, இப்போது செய்ய வேண்டியது.

ப்ரீஆம்பைக் கழற்று, அதைத் தனியாக விற்கலாம். டின்னில் உள்ள மூன்று பாட்களும் 250கே (கிலோ ஓம்) தானா என்று அதன் முதுகில் பார். கப்பாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட்டாக இருக்கும். இரண்டு பாட் ஒலியளவு, மூன்றாவது டோன். பழைய ஜாக்கையே முன் தகட்டில் திரும்பப் போடு. ப்ரீஆம்புக்குப் போட்ட ஜாக்கில் மூன்று கால் இருக்கும், அது பேட்டரியை ஆன் செய்வதற்கானது, இனி வேண்டாம். பிரிட்ஜுக்குப் புது வயர் இழு, பழையதை நீட்டிப் பற்றவைக்காதே. முனையில் ஒரு இஞ்ச் உறையை உரித்து, இழைகளை விசிறி மாதிரி விரித்து மரத்தில் படிய வைத்து, அதன் மேல் பழைய பிரிட்ஜை இறுக்கு. செப்புத் தாளிலிருந்து ஒரு துண்டு வயரை பாட் முதுகுக்குக் கொண்டுபோ.

பாட் முதுகில் ஈயம் பிடிக்கவில்லை என்றால் முதலில் உப்புத் தாளால் தேய். சின்ன 25 வாட்ஸ் பற்றவைக்கிற இரும்போடு அங்கே தவம் கிடக்காதே, பாட் உள்ளே வெந்துவிடும்.

ஓரத்தில் உள்ள ஜாக் ஓட்டைக்கு ஒரு கறுப்பு ரப்பர் மூடி. படத்தில் அதை மறைக்காதே, அதையே முதல் படமாகப் போடு.

தைப்பிங்_தாளம்:
இதை நான் வழிமொழிகிறேன். ஓட்டையை மறைத்துப் படம் எடுத்தவரிடம் தைப்பிங்கிலிருந்து பெட்ரோல் போட்டுப் போய் ஏமாந்தவன் நான். அது பரவாயில்லை, டெபாசிட் கட்டி ஏமாந்தவர்களும் இங்கே உண்டு. பேஸை மடியில் வைத்துப் பார்க்காமல் யாருக்கும் ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

பேஸின் தலையில் ஃபெண்டர் என்றும் சீரியலில் ஐசிஎஸ் என்றும் இருந்தால் சிரித்துவிட்டு வாருங்கள். ஐசிஎஸ் என்றால் இந்தோனேசியா, கோர்ட் தொழிற்சாலை, ஸ்க்வையர். யாரோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்.

சிப்புட்_பேஸ்:
ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். அம்மா இரண்டு தடவை வந்து "என்னடா, ரேடியோவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆம்பில் செருகினேன். சத்தமே இல்லை. ஆம்ப் ஓடவில்லையோ என்று விளக்கைக் குனிந்து பார்த்தேன். பிறகு ஏ கம்பியைத் தட்டினேன், ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

உண்மையைச் சொன்னால் ப்ரீஆம்ப் இருந்தபோது இருந்த பளிச்சென்ற ஒலி இப்போது இல்லை. கொஞ்சம் முரட்டுத்தனமாக, நடுவில் உறுமுகிற மாதிரி இருக்கிறது. பழைய சினிமாப் பாட்டுக்கு இதுதான் நன்றாக இருக்கிறது. மறுபடி விளம்பரம் போட்டேன்: 1,000. முதல் படம் ஓட்டை.

புது_விரல்:
அண்ணே, 950க்குத் தருவீர்களா? கேட்டுட்டுச் சொல்றேன் என்று சொல்ல மாட்டேன், சனிக்கிழமை அப்பா லோரியில் சுங்கை சிப்புட் வழியாகப் போவார், நானும் ஏறி வருகிறேன். ஜப்பான் ஆம்பை விட்டுவிட்டேன்.

ஈயக்கம்பி:
போகும்போது உன் வயரையும் எடுத்துக்கொண்டு போ. பேஸின் தலைப் பக்கத்திலிருந்து நெக்கின் ஓரத்தை ஒற்றைக் கண்ணால் பார், லேசாக முன்னால் வளைந்திருந்தால் பரவாயில்லை, முறுக்கியிருக்கக் கூடாது. நான்கு கம்பியிலும் ஒவ்வொரு பிரெட்டாக (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) அழுத்தி வாசி. நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கிற ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பிப் பார்க்க அனுமதி கேள், அசையவே இல்லையென்றால் எழுந்துவிடு. நம் ஊர் ஈரப்பதத்தில் நெக் வருடத்துக்கு இரண்டு தடவையாவது அசையும், அந்த ராட் வேலை செய்தே ஆக வேண்டும்.

விற்பவன் நல்ல பையன்தான். ஆனாலும் பார்.

சிப்புட்_பேஸ்:
விற்றாச்சு. கடைத்தெரு கோப்பிக்கடையில் வைத்து 950. தம்பி எல்லா பிரெட்டையும் அழுத்தி வாசித்தான், நாற்பது நிமிடம், கடைக்காரர் இரண்டாவது டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டார். கனமான பிரிட்ஜ் 90க்குப் போனது. ப்ரீஆம்பை நாலு_கம்பி அண்ணே 150க்கு எடுத்துக்கொண்டார். கூட்டினால் 1,190. 540 வெள்ளி நஷ்டம். மைலோ டின்னில் அந்தப் பட்டன் மட்டும் மீதி.

நாலு_கம்பி:
ப்ரீஆம்ப் கைக்கு வந்தது, நன்றி தம்பி. என் பழைய ஜாஸ் பேஸில் போடப்போகிறேன். ஈயக்கம்பி அண்ணே, பேட்டரிக்குப் பின்னால் எந்த இடத்தில் பள்ளம் எடுத்தால் நல்லது?

ஈயக்கம்பி:
எடுக்காதே.